மிஷினுக்கு யார் முத்திரை வைப்பது?

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ஆப்பிள் பையைக் கட்டிலில் வைக்கிறார்கள், முந்தானையால் விசிறிக்கொள்கிறார்கள், பிறகு, "மிஷின்ல நார்மல்னு வந்துச்சாமே பூமயிலு, பெறகு எப்படி?" என்று கேட்கிறார்கள். எப்படி என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? நானா மிஷின்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பாதி சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது. மீதியை அவர்களே இட்டுக்கட்டி ஊருக்குள் சொல்லிவிடுகிறார்கள். மேலத்தெருவில் நான் ஒருதடவை செத்துப் பிழைத்ததாகப் பேச்சு.

எங்கள் மகளிர் குழுவில் மனு எழுதுவதும் தீர்மானம் எழுதுவதும் என் வேலை. இன்னும் மழை இறங்கவில்லை. இறங்கினாலும் இந்த வருஷம் காட்டுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பத்தாவது வரை படித்த கை எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். இனி யாராவது கேட்டால் இதைப் படிக்கக் கொடுத்துவிடலாம்.

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். வானம் பார்த்த கரிசல். முண்டு மிளகாய் போடுவோம், கொஞ்சம் பருத்தி போடுவோம். மிளகாய் பழுத்துப் பறித்து, களத்தில் காயப்போட்டு வத்தலாக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் நெஞ்சு எரியாத ஆளே கிடையாது. கண் எரியும், தொண்டை கமறும், மார்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல இருக்கும். அதற்குக் காந்தல் என்று பெயர். யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், காந்தல் என்று சொல்லி ஒரு செம்பு மோரைக் கையில் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். மோரைக் குடித்துவிட்டுப் படுத்தவர்களில் சிலர் எழுந்திருக்காமல் போனதும் உண்டு. வயசாகிவிட்டது என்றோ விதி என்றோ சொல்லி முடித்திருக்கிறோம். இதை எழுதும்போதுதான் அவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வருகிறது.

அன்று காலையில் களத்தில் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தேன். நடுநெஞ்சில் காந்தல் எடுத்தது. வழக்கமானதுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அது மேலே ஏறித் தாடைக்கு வந்தது. இடது கை, நீர் நிறைந்த குடத்தை நெடுநேரம் சுமந்ததுபோலக் கனத்தது. வெயில் ஏறாத நேரம், ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது. வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்து, மோர் கொண்டுவரச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கருப்பையா அதிகம் பேச மாட்டார். நான் பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்பது அவர் கணக்கு. அவர் மோரைக் கொண்டுவந்தார், ஆனால் கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது காந்தல் இல்ல புள்ள. கெளம்பு."

மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துப் பக்கத்து டவுனுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் பார்க்கிற டாக்டர் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் கிளினிக்குக்கு அடுத்த கடையில் புதிதாக ஒரு சோதனை நிலையம் திறந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் இ.சி.ஜி., டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே முடிவு என்று போர்டு போட்டிருந்தது. சரி, வந்ததற்கு இதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று நுழைந்தோம்.

இ.சி.ஜி. என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். இதயம் துடிக்கும்போது உடம்பில் மெல்லிய மின்சாரம் ஒன்று ஓடும். கையிலும் காலிலும் கிளிப் மாட்டி, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டவைத்து, அந்த மின்சாரத்தைக் கோடாக வரைந்து பார்ப்பதுதான் இ.சி.ஜி. அந்தக் கோட்டைப் படிப்பது டாக்டர் வேலை. இந்த மிஷினோ தானே வரைந்து, தானே படித்து, காகிதத்தின் தலைப்பில் தீர்ப்பையும் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்துவிடும். ஆயிரக்கணக்கான மனுஷர்களின் இதயக் கோடுகளைக் காட்டி அதற்குப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று மிஷினை விற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே ஜெயந்தி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். முப்பது வயசு இருக்கும். லேப் படிப்பு படித்தவள். கதவைச் சாத்தி, என் வீட்டுக்காரரை வெளியே நிறுத்தி, கூச்சப்படாமல் படுக்கவைத்துக் குமிழ்களை ஒட்டினாள். நான் போய்ச் சேர்வதற்குள் வலி பாதி தணிந்திருந்தது. மிஷின் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது. ஜெயந்தி பார்த்துவிட்டு, நார்மல் என்றாள். என் நெற்றியை ஒரு பஞ்சால் துடைத்துவிட்டாள். ஏதோ சொல்ல வந்தவள்போல நின்றாள். பிறகு காகிதத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஷினே சொல்லிவிட்டது, உங்கள் பேச்சைக் கேட்டு அரைநாள் களத்து வேலை போச்சு என்று வீட்டுக்காரரை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

ஒரு மிஷினை அவ்வளவு நம்பலாமா என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் வத்தல் சந்தையில் பழைய தராசு இருந்த காலத்தில் எங்கள் மூட்டைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தராசைக் காலால் தாங்குவார்கள், கையால் அமுக்குவார்கள், கேட்டால் முறைப்பார்கள். என் மூட்டைக்கு நானே முள் பார்ப்பேன் என்று தராசடியில் போய் நின்ற பொம்பளை நான்தான். எலக்ட்ரானிக் தராசு வேண்டும் என்று குழுவின் பேரில் மனு எழுதியவளும் நான்தான். அது வந்தபிறகு சண்டை ஒழிந்தது. சிவப்பு எண் என்ன காட்டுகிறதோ அதுதான் எடை. மிஷினுக்கு அண்ணன் தம்பி கிடையாது, கமிஷன் கிடையாது. அப்படிப் பழகியவளிடம் இன்னொரு மிஷின் வந்து நார்மல் என்றால் நம்பாமல் என்ன செய்வாள்?

மறுநாள் சந்தை. மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு நானும் வீட்டுக்காரரும் ராமநாதபுரம் போனோம். என் அண்ணன் சேதுராமன் அங்கேதான் இருக்கிறார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தை நாளில் எனக்குத் துணையாக வந்து நிற்பார்.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் மூட்டை ஏறுவதற்கு முன்னால் தராசில் படிக்கல்லை வைத்துக் காட்ட வேண்டும். படிக்கல் என்றால் இத்தனை கிலோ என்று அரசு முத்திரை குத்திய இரும்புக் கல். அந்தக் கல்லுக்குத் தராசு சரியாகச் சொன்னால்தான் மூட்டைக்கும் சரியாகச் சொல்லும். சந்தேகம் வந்தால் நடுவில் வத்தல் கொண்டுவந்த எந்தச் சம்சாரியும், படிக்கல்லை வை என்று கேட்கலாம். தராசுக்கும் வருஷா வருஷம் முத்திரை உண்டு. எடை போடுகிறவருக்கு லைசென்ஸ் உண்டு. இவ்வளவும் இருந்தும், மூட்டைக்குச் சொந்தக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மூட்டையை இறக்குவார்கள்.

என் மூன்றாவது மூட்டை தராசில் இருந்தது. எண்ணைப் பார்த்தேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நெஞ்சில் முந்தினநாள் வந்த வலி திரும்பி வந்தது, இந்தத் தடவை பத்து மடங்கு. எடை போடுகிறவர், சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா என்கிறார். எனக்கு அந்தச் சிவப்பு எண் மட்டும் தெரிகிறது. பிறகு அதுவும் தெரியவில்லை.

விழுந்த என்னை வத்தல் ஏற்றி வந்த மினி லாரியில் தூக்கிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் சரி சொல்லாததால் அந்த மூட்டையை நெடுநேரம் யாரும் இறக்கவில்லை என்று பிறகு அண்ணன் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி இ.சி.ஜி. எடுத்தார்கள். இந்தத் தடவை கோடு வேறு மாதிரி இருந்தது. டாக்டர் ஒரு பெண், என் மகள் செல்வியைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவளாக இருப்பாள். குனிந்து என் காதருகே பேசினாள். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அந்தப் பக்கத்துச் சதை பட்டினி கிடக்கிறது, உறைந்ததைக் கரைக்க ஊசி மருந்து ஏற்றப்போகிறோம், ஏற்றினால் வேறெங்காவது ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு, சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்று தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பேனாவை டாக்டரிடம் திருப்பித் தராமல் தன் பையில் போட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பெரிது என்று உறைத்தது. அவர் அடுத்தவர் துரும்பைத் தொடாத மனுஷர்.

பயந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவனவன் உயிர் அவனவனுக்கு வெல்லம். நெஞ்சில் ஒட்டிய வயர்கள் தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடாக ஓடின. கண்ணை மூடினால் கோடு நின்றுவிடும் என்று ஒரு எண்ணம். தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது நின்றால் மிஷின் கத்தும், நாங்கள் வருவோம், நீங்கள் காவல் இருக்க வேண்டாம் என்று நர்ஸ் திரையை எனக்குத் தெரியாத பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவரை ஒரு விடியற்காலையில் காணவில்லை. வார்டு மாற்றிவிட்டோம் என்றார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு என் குடும்பத்தின் கூத்து ஆரம்பித்தது. செல்வியை உச்சிப்புளியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். காலை பஸ்ஸில் இட்லியோடு வருவாள், சாயங்காலம் திரும்பிப் போவாள். நடுவில் கஞ்சி வைப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அண்ணன் வீட்டில் மதினி அடுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாளாம். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதை மனசில் வைத்து ஒரு கல் உப்பும் போடாமல் வைத்துவிட்டு, நான் முகம் சுளிப்பதைப் பார்த்து அவரும் உப்பில்லாமலே குடித்தார். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் சீப்பை எடுத்து வந்து பின்னால் உட்கார்ந்தார். சடை போடத் தெரியாது. கயிறு திரிக்கிற மாதிரி இரண்டாகப் பிரித்துத் திரித்து முடிச்சுப் போட்டுவிட்டார். செல்வி வந்து பார்த்து, யார்த்தா இது செஞ்சது என்று சிரித்தாள். நான் அவிழ்க்க விடவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்னால், அந்த நார்மல் காகிதத்தை டாக்டரிடம் காட்டினேன். கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த மிஷின் பொய் சொல்லலம்மா. அந்த நேரத்துக் கோடு சுத்தமாத்தான் இருக்கு. கோட்ட மட்டும் பாத்திருந்தா நானும் நார்மல்னுதான் சொல்லிருப்பேன். ஆனா உங்களப் பாத்திருந்தா வீட்டுக்கு அனுப்பிருக்க மாட்டேன்."

விளக்கமாகவும் சொன்னாள். அடைப்பு ஆரம்பத்தில் வந்து வந்து போகும். கண்மாய் மடையில் செத்தை வந்து அடைக்கும், தண்ணீர் தள்ளினால் விலகும், மறுபடி அடைக்கும், அதுபோலத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். விலகியிருந்த நேரத்தில் மிஷின் பார்த்திருக்கிறது. தாடை வலியும் வேர்வையும் சொன்ன ஆளை டாக்டர் என்றால் உட்காரவைத்து, கொஞ்சநேரம் கழித்து இன்னொரு கோடு எடுத்து, ரத்தத்தையும் பரிசோதித்திருப்பார். இதயத்துச் சதை அடிபட்டால் ஒரு பொருள் ரத்தத்தில் கசியுமாம், அதைத் தேடுகிற பரிசோதனை. மிஷினுக்கு என் தாடை தெரியாது, வேர்வை தெரியாது. காகிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் அதுவே ஒத்துக்கொண்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினாள். இது மருத்துவர் பார்த்து உறுதி செய்யாதது என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை.

எனக்கு வந்ததே கோபம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், இது கால் வைத்தியன்கூட இல்லை. மிஷின் பொய் சொல்லவில்லை என்று டாக்டர் சொன்னதையும் நான் நம்பவில்லை. டாக்டரை டாக்டர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், மிஷினையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். வண்டியில் ஏறும்போதே தீர்மானம் பண்ணிவிட்டேன். அந்த மிஷினுக்குப் படிக்கல் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

இடையில் மதுரைக்குப் போய் ஆஞ்சியோ செய்தார்கள். கை மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை விட்டு, மருந்து செலுத்திப் படம் பிடித்து, அடைத்த இடத்தில் சின்னக் கம்பி வலை ஒன்றை வைத்தார்கள். அந்த வருஷத்து வத்தல் மொத்தமும் அந்தக் கம்பி வலைக்குள் போய்விட்டது. போகட்டும்.

நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சோதனை நிலையத்துக்குப் போனேன். அண்ணனுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் மாரடைப்பு வந்து, இதயத்தில் தழும்பு விழுந்திருப்பது ஆஸ்பத்திரியில் உறுதியானது. அவர்தான் என் படிக்கல். விஷயத்தைச் சொன்னதும், நான் என்ன முப்பது கிலோவா ஐம்பது கிலோவா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

என்னைப் பார்த்ததும் ஜெயந்தி எழுந்து நின்றாள். முகம் செத்துப்போனது. நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் குசலம் விசாரிக்கவில்லை. இவருக்கு ஒரு கோடு எடு, என்ன வியாதி என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், மிஷின் சொல்லட்டும் என்றேன். அண்ணன் சட்டையைக் கழற்றிப் படுத்தார். மிஷின் நார்மல் என்று துப்பும், அந்தக் காகிதத்தை அதன் ஓனர் மூஞ்சியில் வீச வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

காகிதம் வந்தது. ஜெயந்தி படித்தாள். பழைய மாரடைப்பின் தடம், எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்று போட்டிருந்தது. எப்போது என்று எனக்குத் தெரியும், என் மூத்த மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்று அண்ணன் படுத்தபடியே சொன்னார்.

தராசு சரியாக இருந்தது. சொல்லப்போனால் ரொம்பச் சரியாக இருந்தது. அவ்வளவு தூரம் தூக்கி வந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க நெத்திய நான்தான தொடச்சேன். அப்பவே எனக்கு மனசு கேக்கல. கொஞ்சநேரம் இருங்க, இன்னொன்னு எடுப்போம்னு சொல்ல வாயெடுத்தேன். மிஷின் நார்மல்னு அடிச்சிருச்சு. அதுக்கு மேல சொல்ல நான் யாரு? டாக்டரா?"

அவளைத் திட்டத்தான் போயிருந்தேன். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அந்த அறையில் என்னைப் பார்த்த கண் ஒன்று இருந்திருக்கிறது. மிஷின் பேசியதும் அந்தக் கண் தானாக மூடிக்கொண்டது. ஜெயந்தி என்றில்லை, நானும்தான் மூடிக்கொண்டேன். என் உடம்புக்குள் நடந்தது எனக்குத் தெரியாதா? காகிதத்தைப் பார்த்த பிறகு என் வலியே எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. கோடு படிக்கத் தெரியாத என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கடைசிவரை முகத்தை மட்டும் பார்த்தவர்.

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். ஜெயந்தி பெயரை எழுதவில்லை. கொஞ்சநாள் கழித்துச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர். என்னையும் அந்த நிலையத்துக்கு வரச் சொன்னார். எக்ஸ்ரே அறைக்குச் சுவர் கனம் பார்த்தார், லைசென்ஸ் பார்த்தார். ஸ்கேன் மிஷினின் பதிவுச் சான்றிதழைப் பார்த்தார். போட்டு முடித்த ஊசியை எறிகிற தொட்டி எந்த நிறத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்த்தார். இ.சி.ஜி. மிஷினிடம் வந்ததும் நின்றுவிட்டார். கையில் இருந்த ஃபாரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மிஷின் வச்சிருக்காங்களான்னு கேக்க எடம் இருக்கும்மா. மிஷின் தானா தீர்ப்புச் சொல்றத யாரு கேக்கணும்னு இதுல எடமே இல்ல."

ஒரு மூட்டை வத்தலை நிறுக்கிற தராசுக்கு அரசு முத்திரை வைக்கிறது, மனுஷ நெஞ்சை நிறுக்கிறதுக்கு முத்திரை இல்லையா என்று கேட்டேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். சரி, முத்திரை வைக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், என்ன பார்த்து வைப்பது, நீங்களே சொல்லுங்கள் என்றார். முன்னால் என்றால் மிஷின் சரியாகப் படிக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அண்ணனைப் படுக்கவைத்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. சந்தை வழக்கத்தைத்தான் சொன்னேன். தராசுக்கு முத்திரை வேண்டும், அது ஒன்று. எடை போடுகிற ஆளுக்கு லைசென்ஸ் வேண்டும். மிஷின் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் என்று சொல்ல அந்த ஆளுக்கு உரிமை வேண்டும், சொன்னதற்காக வேலை போகக் கூடாது. அதற்கும் மேலே ஒரு டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மூட்டையை இறக்கக் கூடாது. அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மேலே அனுப்புகிறேன் என்றார். அனுப்பியிருப்பார். மேலே என்பது ரொம்பத் தூரம்போல. இன்னும் பதில் வரவில்லை.

கடைசிப் பறிப்பு நேரம் அது. வீட்டில் படுத்திருந்தேன். செல்போன் அடித்தது. ஜெயந்தி.

"அக்கா, ஒருத்தர் வந்திருக்காரு. நெஞ்சு காந்தல்ங்காரு. மிஷின் நார்மல்ங்குது. ஆனா வேர்க்குதுக்கா. எனக்கு மனசு கேக்கல."

யாரென்று கேட்கவில்லை. மிஷின் கிடக்கட்டும், உன் கண் சொல்வதைச் செய், வண்டியில் ஏற்று என்றேன். ஏற்றிவிட்டேன் அக்கா, 108 வண்டி கிளம்பிவிட்டது, பயப்படாதீர்கள், அண்ணன்தான் என்றாள்.

எந்த அண்ணன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. களத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன என் வீட்டுக்காரர்தான், எனக்குச் சொன்னால் என் நெஞ்சு தாங்காது என்று தானே மொபெட்டை ஓட்டிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்.

ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். உட்காரவைத்து, நேரம் விட்டு விட்டு இன்னும் இரண்டு கோடு எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்துவிட்டு, டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தாள். இதயத்தில் ஒன்றுமில்லை. வத்தல் காந்தலேதான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போங்கள் என்றாள். மிஷின் சொன்னது சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் களவு செய்து மாட்டியவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த வராண்டாவில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். சந்தோஷம் தாங்காமல்தான் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து ஜெயந்தியைப் பார்க்கப் போனோம். கண் சிவந்திருந்தது. நார்மல் என்று வந்த ஆளை ஆம்புலன்சில் ஏற்றியதற்காக ஓனர் சத்தம் போட்டிருக்கிறார். மிஷின்தான் சரி என்று ஆகிவிட்டதே, இனிமேல் நீ வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார்.

"தப்பாப் பண்ணிட்டேனாக்கா?" என்று கேட்டாள்.

நான் என் வீட்டுக்காரரின் காகிதத்தைக் கவரிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தேன். அடியில் அதே சின்ன எழுத்து, கையெழுத்துக்கு அதே கோடு. நீ அன்று பார்த்ததை இதில் எழுது என்றேன். எனக்கு அதிகாரம் இல்லையே அக்கா என்றாள். இல்லை என்பது எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஆஸ்பத்திரிப் பேனா. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இத்தனை நாளும் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

ஜெயந்தி எழுதினாள். வேர்வை இருந்தது, நெஞ்சு வலி சொன்னார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டாள்.

சட்டத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாது. இரண்டு காகிதத்தையும் ஒரே கவரில்தான் வைத்திருக்கிறேன். இரண்டிலும் தலைப்பில் நார்மல் என்றுதான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். அவருடையதில் அந்தக் கோட்டின் மேல் ஒரு மனுஷியின் பெயர் இருக்கிறது. என்னுடையதில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.